காதுக்கும் ஒரு காவல்

மாசி மகத்துக்கு மலாக்கா, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் கூட்டம் அலைமோதும். சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கோயில்களிலோ கூட்டம் சிறியது, சத்தம் பெரியது. அங்கே மிக்சர் பார்ப்பவன் நான்.

ஃபேடர்களை இறக்கி, வயர்களைச் செருகி, மிக்சரைப் போட்ட பிறகே ஆம்ப்ளிஃபையரைப் போடுவேன். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர்தான் முதலில். மாற்றிச் செய்தால் ‘டொம்’ என்ற அதிர்வில் ஸ்பீக்கர் கெடலாம். கண்டென்சர் மைக் கேட்கும் 48 வோல்ட்டையும் சேனலை மூடிவிட்டே கொடுப்பேன். நாதஸ்வரக்காரரை உச்சத்தில் ஊதச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாதபடி கெயினை வைப்பேன். தேவாரம் பாடும் பாட்டிக்கு மெல்லிய குரல். அவருக்குத் தனி அளவு.

“இன்னும் ஏத்துங்கண்ணே!” என்பார்கள் தம்பிமார்கள். ஸ்பீக்கர் அருகே பாயில் தூங்கும் பிள்ளையைக் காட்டுவேன். 85 டெசிபலுக்கு மேல் நெடுநேரம் கேட்டால் செவித்திறன் குறையும். போன ஸ்பீக்கரை மாற்றலாம், போன காதை?