காபிக்கு முன் அரை மணி

எங்கள் வீட்டில் பட்டம் பெறாத டாக்டர் ஒருவர் இருந்தார். அது அடியேன்தான். இப்போது ராஜிநாமா செய்துவிட்டேன். ஏன் என்று சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும்.

என் மனைவிக்குத் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று நாலு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினம் காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். அதற்கப்புறம் அரை மணி நேரம் காபி கூடாது! தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இந்தத் தண்டனையின் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. டிகாக்ஷன் இறங்கி, பால் பொங்கி, வாசனை கூடம் வரைக்கும் வந்து கூப்பிடும். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

ஒரு தை மாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. ‘டி.எஸ்.எச்.’ என்ற வரிக்கு நேரே 14 என்று தடித்த எழுத்து. சுமார் நாலுக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. 35 வருஷம் கணக்கு ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு இது போதாதா?

“தைராய்டு மூன்று மடங்குக்கு மேல் எகிறியிருக்கிறது. மாத்திரை அதிகமாகிவிட்டது. நிறுத்து!” என்று தீர்ப்புச் சொன்னேன்.

“டாக்டரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?”

“கணக்குத் தெரியாதவர்கள் கேட்கட்டும்.”

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் காபி குடித்தாள். அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே என்மேல் மதிப்பு உண்டாயிற்று.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. ஆகாதுதான். அந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஒரு வாரம் பிடிக்குமாம். பாதி, பாதியில் பாதி என்று ஓசைப்படாமல் வடிகிற குளம் அது. மாசியில் அவள் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். பங்குனியில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து போனாள், பாத்திரம் கருகியது. “உனக்கு வர வரச் சோம்பல் தலைக்கேறிவிட்டது” என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லத் தெம்பு இல்லாததை நான் அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரைக் கடைசியில் எங்கள் பெண் பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா! அக்னி நட்சத்திரத்தில் எதற்கு ஸ்வெட்டர்?”

“குளிருகிறதடி.”

குரல் கரகரவென்று, வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. தினமும் கேட்கிற எனக்குத் தெரியவில்லை. வந்தவளுக்கு ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது.

மறுநாள் லேடி டாக்டரிடம் போனபோது, தன்னைக் காட்டுவதற்கு முன்னால் அம்மாவைக் காட்டினாள். டாக்டரம்மாள் நாடியைப் பிடித்தார். வீங்கின முகத்தைப் பார்த்தார். மாத்திரை விஷயத்தை விசாரித்தார்.

“டி.எஸ்.எச். அதிகமாக இருந்தது. நான்தான் நிறுத்தச் சொன்னேன்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். “ஸார், காலையில் காபி வராவிட்டால் என்ன செய்வீர்கள்?”

“சமையலறையைப் பார்த்துச் சத்தம் போடுவேன்.”

“வந்துவிட்டால்?”

“நிறுத்திவிடுவேன்.”

“டி.எஸ்.எச். என்பது காபி இல்லை, ஸார். சத்தம்! சத்தம் அதிகமாகக் கேட்டால் காபி அதிகமாக வந்துவிட்டதென்றா அர்த்தம்?”

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. சத்தம் போடுகிற எஜமானர் அவர்தான். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு, சுமார் 20 கிராம் எடையில் இருப்பது தைராய்டு. அது அனுப்புகிற தைராக்ஸின் ரத்தத்தில் போதுமான அளவு இருந்தால் எஜமானர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். குறைந்தால் வீடு அதிரக் கத்துவார். அனுப்பிய சரக்கே உத்தரவை அடக்குவதால் இதற்கு ‘எதிர்மறைப் பின்னூட்டம்’ என்று பெயராம். பெயர் சகுனத் தடை மாதிரி இருந்தாலும், உடம்பின் சூடு, ரத்தத்தின் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் ஒரு வரம்பில் நிற்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

ஆக, 14 என்றால் “மாத்திரை போதவில்லை, இன்னும் கொஞ்சம் கொடு” என்று அர்த்தம். நான் இருந்ததையும் பிடுங்கிவிட்டேன். அன்று எடுத்த ரத்தத்தில் எண் 78.

“இப்படியே விட்டிருந்தால்...?” என்று இழுத்தேன்.

“இருதயம் தளரும். உடம்பு ஜில்லிட்டு நினைவு தப்புவதும் உண்டு” என்றார் டாக்டரம்மாள். காபி உதாரணம் சொன்ன குரலில் இதைச் சொல்லவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் ஏது? புஸ்தகத்தைப் புரட்டினேன். 1891-ல் இங்கிலாந்தில் மரே என்ற டாக்டர், இதே வியாதியில் கிடந்த 46 வயது அம்மாளுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சத்தை ஊசி மூலம் ஏற்றினாராம். அந்த அம்மாள் பிழைத்து, மேற்கொண்டு 28 வருஷம் வாழ்ந்தாள். இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

“ஆட்டினுடையதா!” என்று அவள் மாத்திரையைக் கீழே வைத்துவிட்டாள். இந்தக் காலத்து மாத்திரை தொழிற்சாலையில் ரசாயன முறையில் செய்வது என்று சத்தியம் செய்து விழுங்க வைத்தேன்.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் ஆறு வாரம் பொறுத்துத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் ஸ்வெட்டர் பெட்டிக்குள் போயிற்று. ஒருநாள் நான் உப்புக் குறைவு என்று சொன்னதற்கு என்னைப் பலமாகத் திட்டினாள். பெண்ணும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனி மாதம், ஒரு நடு ராத்திரி, பெண்ணுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் இருவரும். உள்ளேயிருந்து வருகிற குரல் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கொண்டே போயிற்று. வெளியே வந்த டாக்டரம்மாளிடம், “உடம்பு எதையும் அடக்கி வைக்கும் என்றீர்களே, வலி மட்டும் ஏன் இப்படி ஏறுகிறது?” என்று தவித்தேன்.

“இது நேர் எதிரான கணக்கு, ஸார். தேர் இழுக்கப் பார்த்ததில்லையா? கூட்டம் கோஷம் போடப் போடத் தேர் நகரும். தேர் நகர நகரக் கோஷம் ஏறும். நிலைக்கு வந்து சேருகிற வரையில் அடங்காது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குழந்தையின் தலை கருப்பையின் வாயை அழுத்துகிறது. அந்தச் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அதே பிட்யூட்டரி, அதன் பின்பாதி, ஆக்ஸிடோஸினை விடுகிறது. கருப்பை இன்னும் இறுக்குகிறது, தலை இன்னும் அழுத்துகிறது, இன்னும் ஆக்ஸிடோஸின்! 1941-ல் ஃபெர்குஸன் என்பவர் முயல்களிடம் இதைக் கண்டு எழுதினார். ‘நேர்மறைப் பின்னூட்டம்’ என்பது இதுதான். குழந்தை வெளியே வந்தால் அழுத்தம் போயிற்று, சங்கிலி அறுந்தது.

இதெல்லாம் அப்புறம் படித்தது. அந்த வராந்தாவில் எனக்கு எதுவும் ஓடவில்லை. என் மனைவிதான் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதம் முன்னால் உட்கார்ந்தால் தூங்கிப் போனவள், ஒவ்வொரு குரலுக்கும் எழுந்து கதவு வரை போய் வந்தாள்.

கிழக்கு வெளுக்கிற சமயம். உள்ளே குரல் உச்சிக்குப் போய், சட்டென்று நின்றது. அடுத்த கணம் வேறொரு குரல், புதுக் குரல், வீறிட்டது.

“பேத்தி!” என்றாள் நர்ஸ்.

நான் ஓடிப்போய் எதிர்க் கடையிலிருந்து பிளாஸ்க் நிறையக் காபி வாங்கி வந்து, கை நடுங்க ஒரு தம்ளர் ஊற்றி நீட்டினேன். அவள் புடைவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இப்பொழுதுதான் மாத்திரை போட்டுக்கொண்டேன். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. நீங்கள் குடியுங்கள்” என்றாள்.

நானும் குடிக்கவில்லை.