கியா பார்ம் சரிவில் ஒரு பாடம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலைக்கு ஏறாத தமிழ்க் குடும்பம் குறைவு. தாப்பா வழியாக வந்தாலும் சரி, சிம்பாங் பூலாய் வழியாக வந்தாலும் சரி, பெரும்பாலானவர்கள் காரை நிறுத்தும் ஓர் இடம் உண்டு. அதுதான் கியா பார்ம். பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் சாலையின் இரு பக்கமும் கடைகள். முட்டைக்கோசும் தக்காளியும், அவித்த சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், செம்புற்றுப் பழமும் தேன் போத்தல்களும் குவிந்து கிடக்கும். மூடுபனி இறங்கினால் எதிர்க்கடை கூடத் தெரியாது. பிள்ளைகள் சோளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குளிர் காய்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

காய்கறி வாங்கினோம், படம் பிடித்தோம், திரும்பினோம் என்று போகிறவர்கள்தாம் அதிகம். உங்களை நான் இன்னும் சற்றுத் தூரம் அழைத்துப் போகிறேன். அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு பாடம் இருக்கிறது. அதை முன்பே கற்றிருந்தால் என் வலது கால் பெருவிரல் நகம் போயிருக்காது.

கியா பார்மை ஒட்டியே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் குறுகலான சாலை பிரிகிறது. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்த மலைப் பகுதியை அளந்து சென்றார். அவர் பெயரே மலைக்கும் நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1931-இல் தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்தது. இவை புத்தகங்களில் இருக்கின்றன. காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி, செடியை நட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார் என்பதைச் சரிவுகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இன்று அந்தச் சரிவுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

அந்தச் சாலையில் ஒரு வளைவில் நின்று கவனியுங்கள். ஓரளவு சமமான இடத்தில் இரண்டு பேர் எதிர் எதிராக நின்று, நீளமான இயந்திரம் ஒன்றைச் செடிகளின் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடப்பார்கள். வெட்டுப்பட்ட கொழுந்து பின்னால் தொங்கும் பையில் போய் விழும். சற்றுச் சரிவான இடத்தில் அந்த இயந்திரம் இராது. பை பொருத்திய பெரிய கத்தரிக்கோல் இருக்கும். ஆள் நிற்கவே தடுமாறும் செங்குத்தில் கத்தரிக்கோலும் போய் வெறும் கைதான் மிஞ்சும். ஒரே தோட்டம், ஒரே செடி, ஒரே கொழுந்து. ஆனால் கருவி மட்டும் மாறிக்கொண்டே போகிறது.

நான் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காதவனாக இருந்தேன். எங்கள் பக்கத்து லயத்துப் பெரியவர் ஒருவர்தாம் என் கண்ணைத் திறந்தார். அதற்கு முன் நடந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய கொல்லை. பாதி சமம், பாதி சரிவு. மலையில் மழைக்குப் பஞ்சமில்லை, புல்லுக்கும் பஞ்சமில்லை. இரண்டு வாரம் விட்டால் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். பாம்பு பயம் வேறு. பட்டணத்துக் கடையில் நான்கு சக்கரம் வைத்த தள்ளு மெஷின் ஒன்றைப் பார்த்தேன். பெட்ரோலில் ஓடுவது. பளபளவென்று இருந்தது. "சும்மா தள்ளிக்கிட்டே போகலாம், வாத்தியாரே" என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன்.

சமமான பாதியில் அது தேர் போல ஓடியது. சரிவில்தான் வம்பு. அதன் கைப்பிடியில் ஓர் இரும்புக் கம்பி உண்டு. அதை அழுத்திப் பிடித்தால்தான் இயந்திரம் ஓடும், விட்டால் நின்றுவிடும். மேலும் கீழும் இழுத்து இழுத்து என் கை வலித்தது. அந்தக் கம்பியை ஒரு துண்டுக் கயிற்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். மாணவர்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவன் செய்த காரியம் இது!

அன்று மாலை மழை விட்டிருந்தது. புல் ஈரம். இயந்திரத்தை மேலே தள்ளிவிட்டு என்னை நோக்கிப் பின்னால் இழுத்தேன். கால் வழுக்கியது. நான் மல்லாந்து விழ, இயந்திரம் என் காலின் மேல் ஏறியது. ரப்பர் பூட்சின் முனை சீவிய பனங்காய் போல ஆகிவிட்டது. நகத்தோடு போயிற்று, விரல் தப்பியது. ஓட்டம் நிற்காத இயந்திரம் கீழே உருண்டு, செம்பருத்தி வேலியை முட்டிக்கொண்டு உறுமியது. வேலிக்கு அப்பால் பிள்ளைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதை. அந்த நேரத்தில் யாரும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காலில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் வந்தார். தேயிலைக் காட்டிலேயே நரைத்தவர்.

"வாத்தியாரே, தேயிலக் காட்டுல எந்தச் சரிவுக்கு எத எடுத்துக்கிட்டுப் போறாங்கன்னு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பார்த்திருக்கிறேன், தாத்தா."

"அப்புறம் ஏன் கடைக்காரனக் கேட்டீங்க? மலையையில்ல கேட்டிருக்கணும்!"

வாசகர்களே, நான் சொல்ல வந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். கடைக்குப் போகும் முன் மலையைக் கேளுங்கள். எப்படிக் கேட்பது?

நான்கு அடி நீளமுள்ள நேரான பலகை ஒன்றை எடுங்கள். அதன் ஒரு நுனியைச் சரிவின் மேல்பக்கத் தரையில் வையுங்கள். மறுநுனியைக் கீழ்ப்பக்கமாக நீட்டி, பலகை படுக்கைமட்டமாக வரும்வரை தூக்குங்கள். மட்டக்கோல் இல்லையா? கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிய போத்தலைப் பலகை மேல் படுக்க வையுங்கள்; தண்ணீர் இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டம். இப்போது தூக்கிய நுனிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். 13 அங்குலம் இருந்தால் சரிவு ஏறக்குறைய 15 பாகை. 28 அங்குலம் இருந்தால் 30 பாகை. உங்கள் வீட்டுப் பிள்ளையையே அளக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று.

13 அங்குலத்துக்குள் இருந்தால் சக்கரம் வைத்த தள்ளு மெஷின் போதும். ஆனால் அதைச் சரிவுக்குக் குறுக்கே தள்ள வேண்டும்; மேலும் கீழும் கூடாது. ஒருபோதும் உங்களை நோக்கி இழுக்காதீர்கள். ஏறி உட்கார்ந்து ஓட்டும் பெரிய வண்டிக்கு விதி நேர் எதிர். அதைக் குறுக்கே ஓட்டினால் பக்கவாட்டில் கவிழும். மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். 15 பாகைக்கு மேல் அதை ஏற்றவே கூடாது. நம் கொல்லைகளுக்கு அது தேவையும் இல்லை. இன்னொன்று: தள்ளு மெஷினின் எண்ணெய் என்ஜினுக்கு அடியில் குளம் போல் நிற்கும். அதிகமாகச் சாய்ந்தால் எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் என்ஜின் கெட்டுவிடும்.

13 அங்குலத்துக்கு மேல் என்றால் சக்கரத்தை மறந்துவிடுங்கள். அங்கே தோளில் மாட்டும் மெஷின்தான் துணை. நீண்ட குழாயின் முனையில் தகடோ நைலான் நரம்போ சுழலும் இதை நாடெங்கும் சாலையோரங்களில் பார்த்திருப்பீர்கள். 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்துத்தான் நரம்பால் புல் வெட்டும் யோசனையைப் பெற்றார். ஓட்டை போட்ட ஒரு டின்னில் நரம்பைக் கோத்து அவர் சோதித்துப் பார்த்தாராம். உருளையில் தகடு வைத்த முதல் புல்வெட்டி அதற்கும் வெகு முந்தியது. 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் பிசிறை வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அதைச் செய்தார். பார்க்கத் தெரிந்தவனுக்கு எல்லா இடமும் பள்ளிக்கூடம்தான்.

தோள் மெஷினிலும் இரண்டு வகை உண்டு. என்ஜினை முதுகில் சுமப்பது ஒன்று. குழாயின் பின்முனையிலேயே என்ஜின் இருக்க, பக்கவாட்டில் தொங்கவிடுவது மற்றொன்று. முதுகு மெஷினுக்கு வளையும் குழாய் இருப்பதால் சரிவில் திருப்புவது எளிது. ஆனால் எடை கூடுதல். விழுந்தால் கழற்றுவது சிரமம். எதை வாங்கினாலும் ஒரே இழுப்பில் வார் கழன்று விழுகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். வீட்டில் அதைத் தூக்கப் போகிறவர் யாரோ அவரையே அழைத்துப் போய் மாட்டச் சொல்லுங்கள். மனைவி வெட்டப் போகிற கொல்லைக்குக் கணவன் தோளளவு எதற்கு? கை வலியுள்ளவர்களுக்கும் சிறிய கொல்லைக்கும் இப்போது பேட்டரியில் ஓடும் இலேசான மெஷின்கள் வந்திருக்கின்றன. அதிகச் சத்தமும் புகையும் இல்லை. ஆனால் முழங்கால் உயரப் புல்லுக்கு அவற்றில் பல தாங்கா.

பெட்ரோலோடு எண்ணெய் கலக்கும் மெஷினானால் கலவை அளவை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லிலிட்டர் எண்ணெய். கண்ணளவு போட்டால் என்ஜின் புகையும், அல்லது இறுகும். மலைவாசிகளுக்கு மேலும் ஒரு கணக்கு: ஆயிரம் அடி ஏறினால் காற்று மெலிந்து என்ஜினின் பலம் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று குறையும். ஐயாயிரம் அடி உயரத்தில் நூற்றுக்குப் பதினைந்து போய்விடும். ஆகவே கீழே ஈப்போவில் சரியாக இழுக்கும் மிகச் சிறிய என்ஜின், நம் மலையில் திணறலாம். ஒரு படி பெரியதாகவே வாங்குங்கள்.

கல் உள்ள இடத்தில் தகடு வேண்டாம், நரம்பு போதும். நரம்பும் கல்லைத் தெறிக்கவிடும். தகடோ உடைந்தே பறக்கும். கண்ணுக்கு மூடி, காலுக்குப் பிடிப்புள்ள பூட்ஸ், கால் முழுவதும் மூடும் கெட்டித் துணி இல்லாமல் இழுக்காதீர்கள். ஐம்பது அடிக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. கீழ்ப்பக்கம் முக்கியமாகப் பிள்ளைகள் கூடாது. மலையில் தெறித்த கல் கீழ்நோக்கித்தான் ஓடும். மழை விட்ட உடனே வெட்டாதீர்கள். 30 பாகையைத் தாண்டிய செங்குத்தை மெஷினுக்கு விடாமல், கொழுந்துக்காரர்களைப் போல் அரிவாளுக்கும் கைக்கும் விட்டுவிடுங்கள். எந்தப் பாதுகாப்புக் கம்பியையும் கயிற்றால் கட்டாதீர்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு, மருந்தடித்தால் முடிந்ததே" என்று சிலர் கேட்பார்கள். மருந்து என்று நாம் சொல்வது விஷத்தை. முதுகில் தகரத்தைச் சுமந்து, முகமூடியின்றிப் பாராகுவாட் அடித்த நம் பெண்கள் பட்ட பாட்டைத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கண் எரிச்சல், நகம் உதிர்தல், மூக்கில் இரத்தம். பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் அது முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. வேறு மருந்துகள் கடையில் இருக்கலாம். சரிவுக்கு அவையும் நண்பனல்ல. புல்லை வெட்டினால் வேர் உயிரோடிருக்கும், மண்ணைப் பிடித்திருக்கும். மருந்தடித்தால் வேரும் செத்து, அடுத்த பெருமழையில் மண் கரைந்து ஓடும்.

மண் ஓடினால் என்ன ஆகும் என்பதைக் கேமரன் மலை கண்டிருக்கிறது. வெட்ட வெளியாக்கப்பட்ட சரிவுகளின் மண் ஆறுகளில் இறங்கி, ரிங்லெட் அணைக்கட்டின் அடியில் படிந்துகொண்டே வந்தது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அந்த அணையிலிருந்து நீர் திறக்கப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயின. நம் கொல்லை சின்னதுதான். ஆனால் மலை என்பதே பல சின்னக் கொல்லைகள் சேர்ந்ததுதானே? ஆகவே புல்லை மொட்டையடிக்காதீர்கள். சரிவில் மூன்று நான்கு அங்குலம் நிற்கட்டும். ஓரத்தில் வெட்டிவேர் ஒரு வரிசை நட்டால் இன்னும் நல்லது.

தள்ளு மெஷினை நான் பிறகு சமமான கொல்லை உள்ள ஒருவருக்கு விற்றுவிட்டேன். நாங்கள் நான்கு வீட்டார் பணம் போட்டு ஒரு தோள் மெஷின் வாங்கினோம். மாதம் ஒரு வீடு அதற்குப் பொறுப்பு. யார் எடுத்தார், எப்போது எண்ணெய் கலந்தார் என்று ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைக்கிறோம். செங்குத்தை அரிவாளோடு பெரியவரே பார்த்துக்கொள்கிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

அடுத்த முறை கியா பார்ம் வந்தால் சோளம் தின்றதோடு திரும்பிவிடாதீர்கள். சுங்கை பாலாஸ் வளைவில் ஐந்து நிமிடம் நின்று, எந்தச் சரிவில் எந்தக் கருவி நடக்கிறது என்று உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முனை அறுந்த அந்த ரப்பர் பூட்சை நான் இன்னும் எறியவில்லை. மெஷின் வைக்கும் கொட்டகையின் வாசலில், ஆணியில் தொங்குகிறது. மெஷினை எடுக்க வருகிறவர் எவரும் அதைப் பார்க்காமல் உள்ளே போக முடியாது.