மைக் முன்னால் இல்லாத பயம்

வானொலியில் நாள் முழுக்கப் பேசுகிறவளுக்குக் கூச்சமா என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. உண்மையைச் சொல்கிறேன். ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் எனக்குப் பயம் போய்விடும். அங்கே என்னைப் பார்க்க யாரும் இல்லை. அதே நான் சிரம்பானில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் தனியாக நுழைய வேண்டுமென்றால், வாசலில் நின்று கைப்பேசியைத் தடவிக்கொண்டு, தெரிந்த முகம் ஒன்று வரும்வரை காத்திருப்பேன். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். உள்ளங்கை வேர்க்கும்.

நான் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பால்மரம் சீவினார். பிறகு செம்பனை வந்தது. எங்கள் தமிழ்ப்பள்ளி வகுப்பில் இருந்தவர்கள் மொத்தமே பதினொரு பேர். அங்கே எனக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. திருக்குறள் போட்டி, மாறுவேடப் போட்டி எல்லாவற்றிலும் முதல் ஆளாக நிற்பேன். பெராலிஹான் எனப்படும் புகுமுக வகுப்புக்கு டவுன் பள்ளிக்குப் போனபோதுதான் கதை மாறியது. மலாயில் வாய் திறந்தால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். தமிழில் பேசினால் டவுன் தமிழ்ப் பிள்ளைகளே “எஸ்டேட்” என்றார்கள். அது ஊரின் பெயராக இல்லை, வசையாக இருந்தது. அந்த வருடம் நான் வகுப்பில் கேட்ட கேள்விகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இந்தத் தலைகுனிவுக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு உண்டு. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நிற்க வேண்டும் என்ற வழக்கத்தைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் அந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். சம்பளத்தோடு சேர்த்துக் கேட்கும் அளவுக்கு அது அவர்களுக்கு வலித்திருக்கிறது. பார்வைக்கு முன் ஒடுங்கி நிற்கப் பழக்கப்பட்ட தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் நாம்.

அதற்காக எல்லாப் பழியையும் தோட்டத்தின் மேல் போட முடியாது. பங்களாவில் வளர்ந்த பிள்ளைக்கும் மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. திருவள்ளுவர் இதற்கென்றே அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அது 73ஆம் அதிகாரம். அதற்கு முன்னால் 72இல் அவையறிதலை வைத்திருக்கிறார். எதிரே இருப்பவர்களை முதலில் பார், பயத்தைப் பிறகு கவனிக்கலாம் என்று அந்த வரிசையை நான் புரிந்துகொள்கிறேன்.

இன்றைய உளவியலும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வருகிறது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995இல் இந்தப் பதற்றம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். பயம் வந்ததும் நம் கவனம் வெளியே இருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. என் குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா என்று நம்மை நாமே வேவு பார்க்கிறோம். எதிரே இருப்பவரைப் பார்ப்பதே இல்லை. தப்பிக்கக் குனிந்து கொள்கிறோம், வாக்கியத்தை மனத்துக்குள் பத்து முறை ஒத்திகை பார்க்கிறோம். அதனாலேயே, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விடுகிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2000இல் வெளிவந்தது. போட்டுக்கொள்ள வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட டி-சட்டையோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்தான்.

போன வருடம் அக்கா மகள் அழைத்தாள். குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளைகளில் ஒருத்தி. “சின்னம்மா, இந்தப் பாடத்தை விட்டுடலாம்னு இருக்கேன்” என்றாள். தனியாக நின்று பத்து நிமிடம் ஆங்கிலத்தில் படைக்க வேண்டும், முப்பது மதிப்பெண். அதுவரை குழுவில் சிலைடு செய்யும் வேலையை வாங்கிக்கொண்டு, பேசும் வேலையை மற்றவர்களுக்குத் தள்ளி வந்திருக்கிறாள். அந்தப் பாடத்தை விட்டால் ஒரு பருவம் தள்ளிப்போகும், கல்விக் கடனும் கூடும். அக்காவிடம் சொல்லவும் பயம்.

மூன்று வாரம் இருந்தது. முதல் வாரம் சின்ன வேலைகள் மட்டும். கேண்டீனில் தேத்தாரேவைச் சத்தமாகக் கேட்டு வாங்க வேண்டும். நூலகத்தில் தெரிந்த கேள்வியையே போய்க் கேட்க வேண்டும். இரண்டாம் வாரம், விரிவுரையில் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. கேட்கும்போது தன் குரலைக் கவனிக்கக் கூடாது. விரிவுரையாளர் என்ன நிறச் சட்டை, அவர் எந்த வார்த்தையில் நிறுத்தினார் என்று இரவு எனக்குச் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம், மனப்பாடம் செய்த தாளைக் கிழிக்கச் சொன்னேன். முதல் வாக்கியமும் ஐந்து குறிப்புச் சொற்களும் போதும்.

வானொலியில் கற்ற ஒன்றையும் சொன்னேன். ஆயிரம் நேயர்களிடம் பேசுவதாக நான் ஒருநாளும் நினைப்பதில்லை. லயத்து வாசலில் பழைய ரேடியோவோடு உட்கார்ந்திருந்த என் பாட்டி ஒருத்தியிடம்தான் பேசுகிறேன். “உனக்குப் பிடித்த ஒரு முகத்தைப் பார்த்து ஆரம்பி. பிறகு இன்னொரு முகம்” என்றேன்.

படைத்த அன்று குரல் நடுங்கியதாம். இரண்டாவது சிலைடில் ஆங்கிலச் சொல் வராமல் மலாய்ச் சொல்லைப் போட்டிருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒரு மாணவி தரவு எங்கே எடுத்தாய் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். முப்பதுக்குப் பத்தொன்பது. பாடத்தை விடவில்லை. அடுத்த பருவமும் ஒரு படைப்பு இருக்கிறது. இப்போதே வயிற்றைக் கலக்குகிறது என்கிறாள். கலக்கட்டும், போய்வா என்று சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவும் எல்லாருக்கும் போதாது. ஆறு மாதத்துக்கு மேலாக இந்தப் பயம் வகுப்பையும் நேர்முகத் தேர்வையும் நண்பர்களையும் தவிர்க்க வைத்தால், அது வெறும் சுபாவம் அல்ல. சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. அரசாங்க சுகாதார கிளினிக்கில் முதலில் கேட்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555க்கும் அழைக்கலாம்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். விருந்தாளிகள் வந்ததும் “ஆன்ட்டிக்கு ஒரு பாட்டுப் பாடு” என்று பிள்ளையை நடுவீட்டில் நிறுத்தாதீர்கள். யாராவது பெயர் கேட்டால், “இவ ரொம்பக் கூச்சப்படுவா” என்று முந்திக்கொண்டு பதிலும் சொல்லாதீர்கள். ஐந்து விநாடி சும்மா இருங்கள். அவளே சொல்வாள்.