அசைந்தால்தான் கைகாட்டி

கண்டியிலும் அதைச் சுற்றிய மலையகப் பாதையிலும் கோச்சி ஏறுகிறவர்களுக்குக் கைகாட்டி புதிதல்ல. கை கிடையாக நின்றால் நிற்கவேண்டும், சாய்ந்தால் போகலாம். சிக்னல் அறையில் நெம்புகோலை இழுத்தால், தண்டவாளத்தோரம் ஓடும் கம்பி தூரத்துக் கம்பத்தின் கையை அசைக்கிறது. மோட்டர் எதுவும் இல்லை. கம்பி அறுந்து போனாலும் எடைக்கட்டை தன் பாரத்தாலேயே கையை மறுபடி 'நில்' நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

இதே கைகாட்டி பொம்மையாகும்போது சங்கதி தலைகீழாகிவிடுகிறது. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1938இல் 'ஹோர்ன்பி டப்லோ' என்ற சிறு ரயில் வரிசையைக் கொண்டுவந்தது. அதன் மின் கைகாட்டிக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் மின்சாரம் பாய்ந்தால் கை சாயும், மற்றதில் பாய்ந்தால் திரும்பும். மின்சாரம் நின்றால் கை இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய கைகாட்டியின் அந்தப் பத்திரப் புத்தி இதற்கு இல்லை. கண் சிமிட்டும் நேரம் மட்டும் மின்சாரம் கொடுக்கவேண்டிய சுருள் அது. பிள்ளைகள் சுவிட்சை அழுத்திப் பிடித்தபடி இருந்தால் கருகிவிடும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் பழைய கைகாட்டி கையில் கிடைத்ததும் முதலில் மோந்து பார்க்கிறார்கள். கருகிய வார்னிஷின் வாடை அறுபது வருடமானாலும் லேசில் போகாது.

அமெரிக்காவின் லயனல் நிறுவனம் இந்த விளையாட்டை இன்னும் தூரம் கொண்டுபோனது. 1935இல் அது விற்ற கேட்காரர், ரயில் நெருங்கியதும் குடிலின் கதவைத் திறந்து விளக்கோடு வெளியே வருவார். 1949இல் வந்த சுழல் விளக்குக் கோபுரத்தில் மோட்டரே கிடையாது. பல்பின் சூட்டில் மேலெழும் காற்றே தலைப்பாகத்தைச் சுற்றவைக்கும். இதைத் தெரியாமல் திறந்து, "மோட்டரைக் காணோம்" என்று தேடியவர்கள் எத்தனை பேரோ!

மோட்டர் உள்ளவற்றில், செத்துவிட்டதாகச் சொல்லப்படுவதில் பாதி சாகவில்லை. பழைய கிரீஸ் பிசின் போல இறுகிப் பற்சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதைச் சுரண்டிக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாலே பல மோட்டர்கள் முனகத் தொடங்கும். அடுத்தது கம்யூட்டேட்டர். அதன் செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள வெட்டுகளில் காபன் தூள் அடைந்தால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். அதைக் கிளறி எடுக்க ஊசி வேண்டாம், செப்பில் கீறல் விழும். ஈர்க்குத் துண்டு போதும். தேய்ந்த காபன் பிரஷ்ஷுக்கு மாற்று கிடைக்காவிட்டால், தையல் மெஷின் மோட்டரின் பிரஷ்ஷை வாங்கி, அளவுக்கு அராவிப் போடலாம். சற்றுப் பெரிதாக இருப்பதே நல்லது. அராவ இடம் வேண்டுமே.

டப்லோ எஞ்சினின் காந்தம் வேறு ரகம். சுழலும் ஆமேச்சரை வெளியே எடுத்துவிட்டு அப்படியே வைத்தால் பழைய காந்தத்தின் பலம் குறையும். எடுத்த கையோடு இரும்புத் துண்டொன்றை இடையில் வைத்துவிடுவது வழக்கம். இதற்குப் பொறுமைகூட வேண்டாம், நினைவிருந்தால் போதும்.

கண்டியில் இந்தப் பொருள்களை வைத்திருப்பதே பெரும் பாடு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். ஒக்டோபர், நவம்பரில் சுவரே வியர்க்கும். பெட்டியில் பூட்டிவைத்த தகரம் துருப்பிடிக்கும். நாக வார்ப்புகளில் ஈயம் கொஞ்சம் கூடிப்போயிருந்தால் உலோகமே ஊதி, வெடித்து, விரலில் பொடியும். ஈரம் அதை விரைவுபடுத்தும். அதற்கு வைத்தியம் இல்லை, உறுப்பையே மாற்றவேண்டும்.

கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அரும்பொருட்சாலை இருக்கிறது. அம்பேபுஸ்ஸவுக்கு முதல் கோச்சி ஓடிய 1864 டிசம்பர் 27ஐ நினைத்து, 150 ஆண்டுகள் கழித்து அதே நாளில் 2014இல் திறந்தார்கள். இறம்புக்கணையிலிருந்து நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி என்ற அளவிலான ஏற்றத்தில் மூச்சிரைத்து ஏறிய எஞ்சின்களின் கதை தெரிந்தவர்களுக்கு அங்கே மனம் நிறையும். ஆனால் பெரிய எஞ்சினுக்கு நின்றபடியே ஒரு கம்பீரம் உண்டு. உள்ளங்கையளவுக் கைகாட்டிக்கு அது இல்லை. அசையாவிட்டால் அது வர்ணம் பூசிய தகரம்.

வர்ணத்தைப் பற்றித்தான் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடையே ஓயாத சண்டை. சிராய்ப்பு விழுந்த பழைய பூச்சை உரித்துப் புதிதாக அடிப்பவர்கள் உண்டு. அந்தச் சிராய்ப்பும் சேர்ந்துதான் அந்தப் பொருள் என்பவர்கள் பக்கமே நியாயம் அதிகம். துருவை நிறுத்தி, மெழுகு தடவி விட்டுவிடலாம். வயருக்கு மட்டும் இந்தத் தாட்சண்யம் கூடாது. ரப்பர் உறை உதிர்ந்த வயரை அசல் என்று விட்டுவைப்பவர் வீட்டைக் கொளுத்தப் பார்க்கிறார். லயனலின் மின்மாற்றி 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. இலங்கை மின்சாரமோ 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்கும் மாற்றியை இடையில் போட்டாலும் ஹேர்ட்ஸ் மாறாது, ஆகவே பழையது வழக்கத்தைவிடச் சூடாகும். சிறிது நேரம் ஓடவிட்டு, தொட்டுப் பார்த்து, நிறுத்தி ஆறவிடுகிறார்கள். அதைவிட, உள்ளூரில் வாங்கிய புதிய மின்மாற்றியிலிருந்து தேவையான குறைந்த வோல்ட்டை எடுத்து ஓட்டுவது நல்லது. பழையது அலுமாரியில் அழகுக்கு இருக்கட்டும்.