வாலுப் பையனின் அக்கா

துள்ளித் திரியும் பிள்ளைக்கு வைக்க நம்மிடம் பெயர்களுக்கா பஞ்சம்? வாலு, விஷமக்காரன், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று சொல்லிச் சிரித்துவிடுவோம். ஆனால் சில வீடுகளில் அந்தச் சிரிப்பு சீக்கிரமே வற்றிப் போகிறது.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியர் ஹைன்ரிஹ் ஹோஃப்மன் 1840-களில் எழுதிய படக்கதை ஒன்றில் இப்படி ஒரு பையன் வருகிறான். சாப்பாட்டு வேளையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, சாயும்போது மேஜை விரிப்பைப் பிடித்து இழுக்கிறான். தட்டும் ரொட்டியும் தரையில். அவனைப் பெற்றவர்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது! ஒரு பிள்ளை விழுந்தால் வீடே பட்டினி என்பதை அந்த வைத்தியர் கவனித்திருக்கிறார்.

1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். புத்தியில் குறையில்லாத பிள்ளைகளிடமும் இது உண்டு என்று கண்டு சொன்னவர் அவர். ஆனால் அதற்கு அவர் இட்ட பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்பது. 1987-ல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம், கவனக் குறைவையும் மிகையான துடிப்பையும் சேர்த்து ஏ.டி.எச்.டி. என்று பெயர் வைத்தது. ஒழுக்கம் போய்க் கவனம் வந்தது. நம் வீடுகளில் மட்டும் இன்னும் 1902-தான் நடக்கிறது. "வளர்ப்புச் சரியில்லை" என்கிறோம். வளர்ப்பு என்றால் தாயார் என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பையனுக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அவன் ஆறு மணிக்கு வீட்டுப் பாடம் எழுத உட்கார்ந்தால் ஒன்பதுக்கும் முடியாது. பாட்டி மருமகளை முறைப்பாள். தகப்பனார் பத்திரிகையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அக்கா தானே தலை பின்னி, தானே சாப்பிட்டுப் படுத்துவிடுவாள். "அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, தங்கமான பெண்" என்றாள் தாயார். அந்தத் தங்கம் ஒரு நாள் ஜுரத்தோடு பள்ளிக்கூடம் போய் வந்தது வீட்டாருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

வைத்தியரிடம் போனார்கள். வளர்ப்பினால் வருவதல்ல இது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று அவர் விளக்கினார். தகப்பனார் சிறிது யோசித்துவிட்டு, "சின்ன வயதில் நானும் இப்படித்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் தாயார் தலையிலிருந்த பழி பாதி இறங்கிவிட்டது.

பையனுக்கு மருந்து; பெற்றோருக்குப் பயிற்சி. ஆறு வயது நிரம்பாத பிள்ளையானால் பெற்றோரின் பயிற்சிதான் முதல் வைத்தியமாம். ஒரு சமயத்தில் ஒரே வேலைதான் சொல்வது, அருகில் போய் முகம் பார்த்துச் சொல்வது, செய்து முடித்ததும் அப்போதே மெச்சுவது. மாலை வரையில் பாராட்டைப் பத்திரப்படுத்தினால் அவனுக்கு எதற்கு என்றே மறந்திருக்கும். கேட்கச் சுலபம், களைத்துப்போனவர்களால் முடிகிற காரியமா? ஆகையால் வேலையைப் பங்கு போட்டார்கள். வீட்டுப் பாடம் தகப்பனார் பொறுப்பு. சனிக்கிழமை மாலை பையன் பாட்டியோடு. தாயாரும் பெண்ணும் மட்டும் எங்கேயாவது வெளியே போவார்கள்.

பையன் இன்னும் நாற்காலியை ஆட்டத்தான் செய்கிறான். அக்கா மட்டும் மாறிவிட்டாள். வேண்டியது கிடைக்காவிட்டால் இப்போதெல்லாம் அடம் பிடிக்கிறாள், கோபித்துக்கொண்டு மூலையில் உட்காருகிறாள். தாயாருக்கு அதில் பரம சந்தோஷம்.