மூத்தவனுக்கு 3 நாள் காய்ச்சல்... குட்டிப் பாப்பாவுக்கு ஆக்சிஜன்! நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

2023 மார்ச். ஹெச்3என்2 காய்ச்சல் பரபரப்பாகப் பேசப்பட்ட நேரம். 10-ம் தேதி தமிழ்நாடு முழுக்க 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம்கள். அடுத்த வாரமே புதுச்சேரியில் 8-ம் வகுப்பு வரை விடுமுறை. டிஜிட்டல் டெஸ்க்கில் அந்தச் செய்திகளை நானும் தட்டிக்கொண்டிருந்தேன். 'பயம் வேண்டாம், பெரும்பாலானோருக்குச் சில நாள்களில் சரியாகிவிடும்' என்று ஒரு வரி எழுதினேன். தப்பில்லை. ஆனால், அது பாதி உண்மைதான்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் என் ஊர். நியூட்ரினோ என்றதும் ஞாபகம் வருமே, அதே ஊர். அங்கே அக்காவின் 9 வயது மகனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் பந்தோடு தெருவுக்கு ஓடிவிட்டான். அடுத்து 10 மாதக் குட்டிப் பாப்பாவுக்கு. அவளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உண்டு.

இரண்டாம் நாள் இரவு அக்கா போன் செய்தாள். "பாப்பா பாலே குடிக்க மாட்டேங்குதுடா. மூச்சு விடுறப்ப நெஞ்சு உள்ள உள்ள போகுது. தானா சரியாப் போயிரும்னு நீதான எழுதியிருந்த... காலையில பார்த்துக்கிருவமா?"

எனக்கு விரல் நடுங்கியது. "இப்பவே 108-க்கு அடிக்கா!"

க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து வீடு திரும்பினாள்.

ஒரே வீடு, ஒரே காய்ச்சல். ஏன் இந்த வித்தியாசம்? சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் குறுகலானது. கொஞ்சம் வீங்கிச் சளி கட்டினாலே அடைக்கும். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பாற்றலும் சில மாதங்களில் குறைந்துவிடும். அதனால் 5 வயதுக்குள், குறிப்பாக 2 வயதுக்குள், ஃப்ளூ கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு இருந்தால் பெரிய பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடும்.

குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

6 மாதம் முதல் 5 வயது வரை ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம். அரசின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் அது இல்லாததால், அக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வீட்டில் நிருபர் இருந்தும்!

இப்போது எந்தக் காய்ச்சல் செய்தி எழுதினாலும், 'யாருக்கு ஆபத்து அதிகம்?' என்ற பத்தியைத்தான் முதலில் எழுதுகிறேன். எழுதியதும் லிங்க்கை அக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன்.