அசோக் நகரில் ஒரு சிவப்புக் கத்தி

வடபழனியிலிருந்து நூறடிச் சாலையில் கிண்டி பக்கம் போகும் பேருந்துகளில் 'பில்லர்... பில்லர் இறங்கு' என்று குரல் கேட்டால் அசோக் நகர் வந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு திசையையும் பார்த்தபடி நிற்கும் சிங்கங்களைத் தலையில் சுமக்கும் தூண் அது. ஒரு பக்கம் போனால் கே.கே. நகர், எதிர்ப்பக்கம் போனால் மேற்கு மாம்பலம். 1960-களில் குடியிருப்புப் பகுதியாக உருவான இந்த இடத்துக்கு, கலிங்கப் போருக்குப் பிறகு 'இனிப் போரே வேண்டாம்' என்று முடிவெடுத்த மன்னரின் பெயரை வைத்தார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு கத்திக்கு வேலை தேடிப் போவோமா? சாதாரணக் கத்தி இல்லை. உலகமே புகழும் ஸ்விஸ் கத்தி. சிவப்புக் கைப்பிடி, அதில் வெள்ளைச் சிலுவை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ லீவுக்கு வரும்போது, சாக்லேட்டுக்கும் தைலத்துக்கும் நடுவில் வைத்து அப்பாவுக்குக் கொண்டுவருவார்களே, அதேதான். அப்படி ஓர் அப்பா, கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காலையில் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பட்டாளத்துக் கத்தி

அதற்கு முன், கத்தியின் ஜாதகம். ஸ்விட்சர்லாந்தில் இபாக் என்ற சிற்றூரில் 1884-ல் கார்ல் எல்ஸனர் என்பவர் ஒரு பட்டறை தொடங்கினார். 1891-ல் ஸ்விஸ் ராணுவத்துக்கு முதன்முதலாகக் கத்தி கொடுத்தார். சிப்பாய்க்குத் தேவை இரண்டு விஷயங்கள்: துப்பாக்கியைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர், டப்பாவில் அடைத்த சாப்பாட்டைத் திறக்க ஒரு கருவி. இரண்டையும் கத்தியோடு ஒரே கைப்பிடிக்குள் மடக்கி வைத்தார்கள்.

1897 ஜூன் 12-ல் அதிகாரிகளுக்கான கத்தி பதிவானது. எடை குறைவு, கூடவே ஒரு சின்ன அலகு, ஒயின் பாட்டிலின் தக்கையை இழுக்க ஒரு திருகாணி. 1909-ல் எல்ஸனரின் தாயார் விக்டோரியா மறைந்தபோது, நிறுவனத்துக்கு அந்த அம்மாவின் பெயரையே வைத்தார் மகன். பிறகு 1921-ல், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்து 'விக்டோரிநாக்ஸ்' ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மன் பெயர் வாயில் நுழையாத அமெரிக்கச் சிப்பாய்கள் 'ஸ்விஸ் ஆர்மி நைஃப்' என்று கூப்பிட, அதுவே உலகப் பெயரானது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இதற்கு இடமுண்டு. விண்வெளி வீரர்களோடு விண்கலத்திலும் போயிருக்கிறது.

விண்வெளிக்குப் போன கத்திக்கு அசோக் நகர் அவென்யூவில் என்ன வேலை கிடைக்கும்?

கடைத்தெருவில்

முதலில் இளநீர் வண்டி. "தண்ணியா, வழுக்கையா சார்?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் ஒரு காயைத் தட்டிப் பார்த்து எடுக்கிறார். இடது உள்ளங்கையில் காய், வலது கையில் அரிவாள். நாலு சீவு, முனையால் ஒரு குத்து, ஸ்ட்ரா. குடித்து முடித்ததும் காயை இரண்டாகப் பிளக்கிறார். மட்டையிலிருந்தே ஒரு சில்லைச் செதுக்கி, வழுக்கை வழித்துச் சாப்பிடக் கையில் கொடுக்கிறார். வெட்டுவதோடு நிற்காமல் ஸ்பூனும் செய்து தருகிறது அந்த அரிவாள். சிவப்புக் கத்தியின் பெரிய அலகே ஆள்காட்டி விரல் நீளம்தான். இளநீரின் மேல்தோலில் கீறல் போடலாம். அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

அடுத்தது கீரை. கட்டியிருப்பது வாழைநாரில், இழுத்தால் வந்துவிடும். பூக்கார அம்மா முழம் போட்டுவிட்டு நூலை விரலில் சுற்றி ஒரு சுண்டு சுண்டினால் அறுந்துவிடுகிறது. பள்ளிக்கூட வாசலில் மாங்காயைப் பத்தை போடுகிறவரின் கையில், தேய்ந்து தேய்ந்து பாதியாகிப்போன ஒரு கத்தி. அதில் எந்த இடம் கூர், எந்த இடம் மொக்கை என்பது அவர் விரலுக்குத் தெரியும், பார்க்காமலே நறுக்குகிறார். மீன் செதில் சுரண்டுவதற்கென்றே ஓர் அலகு வைத்த ஸ்விஸ் மாடலும் இருக்கிறது. ஆனால், மீன் கடை அக்கா அரிவாள்மனைமேல் காலை வைத்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே வஞ்சிரத்தைத் துண்டு போடும் வேகத்துக்கு முன்னால் அதை வெளியே எடுக்கவே கூச்சமாக இருக்கும்.

தக்கை இழுக்கும் திருகாணிக்காவது வேலை உண்டா? நம் ஊர் பாட்டிலில் தக்கை ஏது! கோலி சோடாவின் கோலியை அமுக்கினால் 'புஸ்' என்று திறந்துவிடும். வெட்டும் வேலை எல்லா இடத்திலும் நடக்கிறது; இந்தக் கத்தியைத்தான் யாருமே கூப்பிடவில்லை.

வீட்டுக்குள்ளும் அதே கதை

சரி, வீட்டுக்குப் போகலாம். இந்தப் பகுதியில் பழைய தனி வீடுகள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. 1983-ல் திறந்து, உதயம், சூரியன், சந்திரன் என்று மூன்று திரைகளோடு தெருவுக்கே அடையாளமாக நின்ற உதயம் தியேட்டரே இன்று இல்லை. சமையலும் தரையிலிருந்து மேடைக்கு ஏறிவிட்டது. அரிவாள்மனை பல வீடுகளில் பரண் ஏறியது.

அரிவாள்மனையில் அலகு அசையாது, காய்தான் நகரும். இரண்டு கையும் காயைப் பிடித்துக்கொள்ளலாம். உட்கார ஓர் இடம், முன்னால் ஒரு முறம், பக்கத்தில் பேச ஆள் என்று ஒரு வீட்டையே எதிர்பார்க்கும் கருவி அது. வங்காளத்தின் 'பொட்டி'யும் மராத்தியர்களின் 'விளி'யும் இதன் சொந்தக்காரர்கள். சட்டைப்பைக் கத்தியோ தனியாகக் காட்டிலும் மலையிலும் நடக்கிற ஆளை நினைத்துச் செய்தது. ஒற்றை ஆளின் பை அதற்கு வீடு. நம் பெரியவர் வீட்டில் கட்டியிருப்பது வேட்டி. அதில் பையே கிடையாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒவ்வொரு அலகிலும் நகத்தை நுழைத்து இழுக்கச் சின்னப் பள்ளம் இருக்கும். உள்ளே ஸ்பிரிங் இறுக்கம். எழுபது வயது விரலுக்கும், ஒட்ட வெட்டிய நகத்துக்கும் அது எளிதில் அசைந்து கொடுக்காது. கத்தியைத் தேடினால் ஸ்க்ரூ டிரைவர் வரும். அதை மடக்கினால் திருகாணி எட்டிப் பார்க்கும். அதற்குள் அம்மா சமையல்மேடைக் கத்தியால் வெங்காயத்தை நறுக்கி முடித்திருப்பார்.

தெருவில் சாணை பிடிப்பவர் வரும்போது வீட்டுக் கத்திகள் எல்லாம் வாசலுக்குப் போகும், இது போகாது. 'அஞ்சு வருஷமாச்சு, இன்னும் மழுங்கவே இல்லை' என்று சொல்லலாம். வேலையே செய்யாத கத்தி எப்படி மழுங்கும்?

ஊக்கு சொல்லும் பாடம்

வெளிநாட்டுப் பொருள் என்பதால்தான் ஒட்டவில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. அம்மாக்களின் தாலிச் சரட்டிலோ வளையலிலோ தொங்கும் ஊக்கைப் பாருங்கள். அதுவும் வெளிநாட்டுச் சரக்குதான். 1849-ல் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் காப்புரிமை வாங்கி, 400 டாலருக்கு விற்றுவிட்ட கண்டுபிடிப்பு.

காலில் முள் குத்தினால் ஊக்கு. பாவாடையில் நாடா கோக்க ஊக்கு. கல்யாணத்துக்குப் போகும் வழியில் செருப்பு வார் அறுந்தால் ஊக்கு. புடவைத் தலைப்பு, குழந்தையின் சட்டைப் பட்டன், கிழிந்த பை என எல்லாவற்றுக்கும் அதுதான். எந்த அருங்காட்சியகத்தின் பெயரையும் சொல்லி அதை யாரும் வாங்கியதில்லை. அதற்கு உடம்பிலேயே ஓர் இடம் கிடைத்தது, தினமும் ஒரு சின்ன வேலையும் கிடைத்தது. ஒட்டிக்கொண்டது. பொருளோடு வரும் பாசம் புகழால் வருவதில்லை, புழக்கத்தால்தான் வருகிறது.

நல்லா இருக்கா அப்பா?

பிரச்னை கத்தியோடு முடிந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "கத்தி யூஸ் ஆகுதாப்பா?" என்று பிள்ளை கேட்கும். "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்பார் அப்பா. பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்த ஊரில் கிடைப்பதிலேயே சிறந்ததைத் தேடி வாங்கிய பிள்ளையின் மனசு அதில் இருக்கிறது. 'எனக்கு இது தேவைப்படவில்லை' என்று எப்படிச் சொல்வது?

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்பது நம் வீட்டுப் பழக்கம். ஐரோப்பாவிலும் கத்தியைப் பரிசாக வாங்கினால் ஒரு காசு திருப்பிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் உறவு அறுந்துவிடுமாம். கத்தியைப் பரிசளிப்பதில் எல்லா ஊருக்கும் ஒரு தயக்கம் இருந்திருக்கிறது.

கத்தியைப் பையிலேயே போட்டுக்கொண்டு வெளியே போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 2015 ஜூன் 29-ல் சென்னையின் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது திறந்த நிலையங்களில் அசோக் நகரும் ஒன்று. உள்ளே போகும்போது பையை ஸ்கேன் செய்வார்கள், கத்தி மாட்டிக்கொள்ளும். விமானத்தில் கைப்பையில் வைக்கவே முடியாது. பல நாடுகளில் கத்திக்குக் கெடுபிடி இருப்பதால், அலகே இல்லாத கருவிகளைத் தயாரிக்கும் யோசனை இருப்பதாக 2024-ல் விக்டோரிநாக்ஸ் நிறுவனமே சொன்னது.

அப்படியானால் அலமாரிதான் கதியா? ஒரு வழி இருக்கிறது. பல ஸ்விஸ் மாடல்களில் சின்னதாக ஒரு கத்தரிக்கோல் உண்டு. பால் பாக்கெட்டின் மூலையை வெட்ட, மாத்திரை அட்டையிலிருந்து ஒரு வேளைக்கானதைப் பிரிக்க, கூரியர் பார்சலின் டேப்பைப் பிரிக்க அது அருமையாகப் பயன்படும். மற்ற அலகுகளை மறந்துவிட்டு, அந்தக் கத்தரிக்கோலை மட்டும் திறந்து மருந்து டப்பா பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். காலையில் பிரஷர் மாத்திரை, இரவில் சுகர் மாத்திரை என்று தினமும் இரண்டு முறை கை அதைத் தேடிப் போகும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் அடுத்த முறை பரிசு வாங்குமுன், "உங்களுக்கு எதைத் திறக்கக் கஷ்டமா இருக்குப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

ஆயுத பூஜை அன்று அரிவாள்மனை பரணிலிருந்து இறங்கும். சுத்தியல், ஸ்பேனர், சமையல் கத்தி எல்லாம் வரிசையில் உட்காரும். சந்தனமும் குங்குமமும் வைக்கும் அம்மா, மருந்து டப்பா பக்கத்திலிருந்து அந்தச் சிவப்புக் கத்தியையும் எடுத்து வரிசையில் வைப்பார். மற்றவற்றைப் போலவே அதிலும் கொஞ்சம் டேப் பசை ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டுத்தான் பொட்டு வைக்க வேண்டும்.